முத்திரை விழாத முந்நூற்று எழுபத்திரண்டு நாட்கள்

நடந்தது, வரிசைப்படி:

1. வடக்கனந்தலைச் சேர்ந்த சக்திவேல், சமையல் மாஸ்டர். மனைவி ரேவதி நர்ஸ். இருவரும் பி.ஆர். என்கிற நிரந்தர வசிப்புரிமை வாங்கிக் கனடா போனார்கள். பாஸ்போர்ட் இந்தியப் பாஸ்போர்ட்தான்.
2. அங்கே ஒரு ஓட்டல் சமையலறையில் சக்திவேல் 391 நாட்கள் வேலை பார்த்தார்.
3. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. ஊருக்கு வந்தவர் இரண்டு வருடத்துக்கு மேல் இங்கேயே இருந்தார். அந்த இடைவெளியில் மகள் இனியா பிறந்தாள்.
4. ரேவதி கைக்குழந்தையோடு கனடாவுக்கு, வேலைக்குத் திரும்பினார். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. சக்திவேல் புறப்பட்டார். டிக்கெட் மலிவு என்று அமெரிக்காவில் இறங்கி, நண்பரின் காரில் தரைவழியாகக் கனடா எல்லையைக் கடந்தார்.
5. எல்லைச் சாவடியில் பி.ஆர். கார்டைப் பார்த்தார்கள். பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தவில்லை. குத்தியே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் அங்கே இல்லை.
6. 372 நாட்கள் வீட்டில் இருந்து குழந்தையை வளர்த்தார். வேலைக்குப் போகாததால் சம்பள ரசீது இல்லை. வாடகை ஒப்பந்தம், கரண்ட் பில், வங்கிக் கணக்கு எல்லாம் ரேவதி பெயரில்.
7. அப்பா இறந்தார். டொரண்டோவிலிருந்து சென்னைக்கு வந்தார். காரியம், வாரிசுச் சான்று, பட்டா மாற்றம் என்று ஏழு மாதம் போயிற்று.
8. ஊரில் இருக்கும்போதே கார்டு காலாவதி ஆனது. அவர் முதன்முதலாகக் கனடாவில் இறங்கி ஐந்து வருடம் முடிந்ததும் அதே வாரம்தான்.
9. செல்லுபடியாகும் கார்டு இல்லாமல் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். திரும்பிப் போகத் தனியாக ஒரு பயண ஆவணம் வாங்க வேண்டும். அதற்கு, கடைசி ஐந்து வருடத்தில் 730 நாட்கள் அந்த நாட்டில் இருந்ததைத் தாளில் காட்ட வேண்டும்.
10. ஐந்து வருடம் முடிந்த அன்றே எங்கள் ஆபீசுக்கு வந்தார்.

எங்கள் ஆபீஸ் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்வரிசையில், ஒரு செருப்புக்கடைக்கு மேல் மாடி. பாஸ்போர்ட், விசா, வெளிநாட்டு விண்ணப்பங்கள். நான் ஈ.சி.இ. படித்தவள். சிக்னல் பிராசசிங் படித்துவிட்டு ஜெராக்ஸ் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாளே என்று உறவில் பேச்சு உண்டு. இரைச்சலுக்குள் இருந்து தகவலைப் பிரித்தெடுப்பதுதான் அங்கேயும் பாடம், இங்கேயும் வேலை. ஆறு வருடமாகச் செய்கிறேன். இந்த மாதம் புதிதாக இரண்டு பேர் சேர்ந்திருக்கிறார்கள். அவர்கள் படிப்பதற்காக ஒரு கேஸை முழுதாக எழுதி வைக்கச் சொன்னார் எங்கள் முதலாளி பாஸ்கர் சார். இதைத் தேர்ந்தெடுத்தேன்.

முதல் நாள்: கையிருப்பு 33

சக்திவேலுடன் அவருடைய பெரியப்பா மகன் ஏழுமலையும் வந்திருந்தார். மரவள்ளியும் கரும்பும் வைத்திருக்கிற விவசாயி. குலதெய்வக் கோயிலுக்குத் தர்மகர்த்தா. தம்பி எந்த ஆபீசுக்குப் போனாலும் தானும் போக வேண்டும் என்பது அவர் கொள்கை. நான் சக்திவேலிடம் கேட்ட கேள்விகளுக்கு அவரே பதில் சொன்னார்.

நான் கூட்டிக் காட்டினேன். 391 நாளுக்கு முத்திரை, சம்பள ரசீது, வரித் தாள் எல்லாம் இருக்கிறது. பிரச்சினை இல்லை. 372 நாளுக்கு ஒன்றும் இல்லை. இரண்டும் சேர்ந்தால் 763. தேவை 730. சேராவிட்டால் 391 மட்டும்தான். சரிபாதிக்குக் கொஞ்சம் மேல்.

அப்புறம் கெட்ட செய்தியைச் சொன்னேன். ஐந்து வருடம் என்பது நகர்ந்துகொண்டே இருக்கும் கணக்கு. இன்றைய தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுவார்கள். நாம் ஒரு நாள் தாமதித்தால் அவருடைய முதல் நாள் ஒன்று கணக்கிலிருந்து விழுந்துவிடும். கையிருப்பு 33 நாள். முப்பத்து நான்காவது நாள் விண்ணப்பித்தால் எல்லாத் தாளும் இருந்தும் பிரயோசனம் இல்லை.

சக்திவேல் கேட்டார்: "இன்னா மேடம், நான் அங்க இல்லாம வேற எங்க இருந்தேன்? எம்பொண்ணு பேச ஆரம்பிச்சதே என்னாண்டதான்."

அதற்குத் தாள் வேண்டும் என்றேன்.

"நாங்க அத்தினி பேரும் சொல்றோமே," என்றார் ஏழுமலை. "பங்காளிங்க மட்டும் எண்பது தலக்கட்டு. எண்பது கையெழுத்து வாங்கிக்கினு வரட்டா?"

பாஸ்கர் சாருக்கு இந்த யோசனை பிடித்துவிட்டது. நிறைய கையெழுத்து இருக்கும் தாள்மேல் அவருக்குத் தனி மரியாதை. வடக்கனந்தலில் இருந்த எண்பது பேர், கனடாவில் ஒருவர் இருந்ததைப் பார்த்ததாக எப்படிக் கையெழுத்துப் போடுவார்கள் என்று கேட்டேன். வீடியோ காலில் பார்த்தார்களே என்றார் ஏழுமலை.

அமெரிக்காவுக்குப் பறந்து மறுபடியும் தரைவழியாகவே போய்விட்டால் என்ன என்று ஒரு கேள்வியும் வந்தது. காரில் போய் எல்லையில் நிற்கிற பி.ஆர். ஆளைத் திருப்பி அனுப்ப மாட்டார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அது ஓரளவு உண்மைதான். ஆனால் சக்திவேலின் அமெரிக்க விசாவும் முடிந்திருந்தது. அவருடைய பாஸ்போர்ட்டில் காலாவதி ஆகாதது அவர் போட்டோ மட்டும்தான்.

அன்றைக்குச் செய்தவை: அந்த நாட்டு எல்லைத் துறையிடம் இருக்கும் வருகைப் பதிவைக் கேட்டு விண்ணப்பித்தேன். பதில் வர ஒரு மாதமோ அதற்கு மேலோ ஆகலாம் என்று இருந்தது. ஒரு மாதம் நம்மிடம் இல்லை. காரில் கூட்டிப் போன நண்பரிடம் கடிதம் கேட்கச் சொன்னேன். சக்திவேலிடம் என் கேள்விப் பட்டியலைப் படித்தேன். எல்லையில் ஏதாவது படிவம் நிரப்பினீர்களா, ஏதாவது பொருளைப் பிடித்தார்களா, ரசீது ஏதாவது கொடுத்தார்களா? எல்லாவற்றுக்கும் "இல்ல மேடம்" என்றார். பிடித்தார்களா என்ற கேள்விக்கு மட்டும் ஏழுமலையை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னார். நான் அதைக் கவனித்தேன். ஆனால் குறித்துக்கொள்ளவில்லை. அது என் தவறு.

ஒரு மணி பத்து நிமிடம்: கையிருப்பு 26

நண்பரின் கடிதம் ஒரு வாரத்தில் வந்தது. அவர் அங்கே கணக்கராம். கணக்கர்கள் எழுதும் கடிதம் எனக்குப் பிடிக்கும். எத்தனை மணிக்குக் கிளம்பினோம், எத்தனை மைல், எந்தப் பாலம், எல்லாம் இருந்தது. கடைசிக்கு முந்தின வரியில், 'சாவடியில் எங்களை ஓரமாக நிறுத்தச் சொன்னார்கள். ஒரு மணி பத்து நிமிடம் கழித்துப் போகச் சொன்னார்கள்' என்று இருந்தது.

கார்டைப் பார்த்து அனுப்ப ஒரு நிமிடம் போதும். மீதி ஒரு மணி ஒன்பது நிமிடம் எங்கே? சக்திவேலிடம் கேட்டேன். வழக்கம்போல் பக்கத்து நாற்காலியில் ஏழுமலை.

"பாத்ரூம் போனேன் மேடம்."

"ஒரு மணி நேரமாடா?" என்று ஏழுமலை திரும்பினார். "உனுக்கு வவுறு செரியில்ல, டாக்டராண்ட காட்டுன்னு அப்பவே சொன்னேன்ல. கேட்டியா?"

பிறகு எனக்கு, தம்பியின் வயிறு சின்ன வயதிலிருந்தே எப்படி என்று கால் மணி நேரம் விளக்கினார். சக்திவேல் தலையைக் குனிந்துகொண்டு ஒவ்வொன்றுக்கும் ஆமாம் போட்டார்.

இருவரும் இறங்கிப் போனார்கள். பத்து நிமிடத்தில் சக்திவேல் மட்டும் படியேறி வந்தார். ஹெல்மெட்டை மறந்துவிட்டேன் என்றார். ஹெல்மெட் அவர் கையிலேயே இருந்தது. அதை அவரும் பார்த்தார். நாற்காலியில் உட்கார்ந்தார்.

அவர் சொன்னதைச் சுருக்கி எழுதுகிறேன். அவர்களுடைய குலதெய்வம் பச்சையம்மன். கோயில் கல்வராயன் மலைமேல், கரியாலூர் தாண்டி. வெளியூரில் நிரந்தரமாகக் குடியேறுகிறவர்கள் அந்தக் கோயிலிலிருந்து ஒரு பிடி மண் எடுத்துப் போய்ப் புது வீட்டில் வைத்துக் கும்பிடுவது வழக்கம். பிடிமண் என்பார்கள். அந்த மண் போய்ச் சேர்ந்தால் அம்மனே போய்ச் சேர்ந்ததாக அர்த்தம். சக்திவேல் இரண்டாவது முறை புறப்பட்டபோது பங்காளிகள் எல்லோரும் மலையேறி, பொங்கல் வைத்து, பிடிமண் எடுத்து மஞ்சள் பையில் கட்டிக் கொடுத்தார்கள். கடல் தாண்டிப் போகிற முதல் பிடிமண். ஏழுமலைக்கு அதில் இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

அமெரிக்க விமான நிலையத்தில் யாரும் எதுவும் கேட்கவில்லை. கனடா எல்லைச் சாவடியில் ஒரு பெண் அதிகாரி, உணவுப் பொருள், செடி, மண் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். நண்பர் இல்லை என்று சொல்ல வாயெடுத்தார். சக்திவேல் முந்திக்கொண்டு மண் இருக்கிறது என்றார்.

"பொய் சொல்ல மனசு வரல மேடம். மடியில அம்மன வெச்சிக்கினு எப்பிடிப் பொய் சொல்றது?"

வெளிநாட்டு மண் அந்த நாட்டுக்குள் போகக் கூடாது. பயிருக்கு நோய் வரும் என்று சட்டம். அந்த அம்மா என்ன மண், எதற்கு என்று பொறுமையாகக் கேட்டாராம். கடவுள் என்றாராம் இவர். அவர் உள்ளே போய் இன்னொருவரைக் கூட்டி வந்தார். அவரிடமும் கடவுள் என்றார். அவர்கள் கையேட்டைப் புரட்டினார்கள். கடைசியில், மன்னிக்க வேண்டும், அனுமதிக்க முடியாது என்று சொல்லிப் பையை வாங்கிக்கொண்டார்கள்.

"ரெண்டு கையால வாங்குங்கன்னு சொன்னேன். ரெண்டு கையாலதான் வாங்கினாங்க மேடம். அதுல கொற சொல்ல முடியாது."

மறுநாள் காலையில் பூச்செடி விற்கிற கடையில் ஒரு பை தொட்டி மண் வாங்கினார். பித்தளைச் செம்பில் நிரப்பி, மஞ்சள் நூல் சுற்றி, அலமாரியில் வைத்தார். ரேவதி விளக்கேற்றினார். வீடியோ காலில் எண்பது தலைக்கட்டும் கன்னத்தில் போட்டுக்கொண்டது. ஒவ்வொரு ஆடி வெள்ளியும் வீடியோ போனது. ஒருவருக்கும் விஷயம் தெரியாது.

எனக்கு ஒரே கேள்விதான். வாங்கிக்கொண்டதற்குத் தாள் கொடுத்தார்களா?

"குட்த்தாங்க."

தேதி போட்டு?

"தேதி, நேரம், எம்பேரு, கையெழுத்து, எல்லாம்."

நான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன். இந்த மனிதர் எல்லையில் நின்ற நாளையும் நேரத்தையும் அந்த அரசாங்கமே எழுதிக் கையில் கொடுத்திருக்கிறது. டொரண்டோவில் ஏறிய போர்டிங் பாஸ் ஏற்கனவே என்னிடம் இருக்கிறது. உள்ளே வந்த தேதி ஒரு பக்கம், வெளியே போன தேதி ஒரு பக்கம், நடுவில் வேறு எந்த நாட்டு முத்திரையும் கிடையாது. 372 நாளும் உள்ளே வந்துவிடும்.

அந்தத் தாள் எங்கே என்றேன்.

"செம்புக்குக் கீழ மேடம். சாமி செம்ப ரேவதி தொட மாட்டா. அதான் அங்க வெச்சேன்."

செம்பைத் தூக்கியது

இங்கே சாயங்காலம் ஐந்தரை. அங்கே காலை. ஆபீஸ் கம்ப்யூட்டரிலேயே வீடியோ கால் போட்டோம். பாஸ்கர் சார் பேப்பர் படிப்பதுபோல் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ரேவதி வேலைக்குப் புறப்படும் உடையில், ஒரு கையில் இனியாவின் தலைமுடியைப் பிடித்துப் பின்னிக்கொண்டிருந்தார்.

சாமி செம்பைக் கொஞ்சம் தூக்கச் சொன்னார் சக்திவேல். வெள்ளிக்கிழமை அதுவுமாகச் செம்பை எதற்குத் தூக்க வேண்டும் என்று கேட்டார் ரேவதி. சக்திவேல் என்னைப் பார்த்தார். நான் கீபோர்டைப் பார்த்தேன். வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடிக்கும்வரை ரேவதி பின்னலை நிறுத்தவில்லை.

"தெரியும்," என்றார்.

"இன்னா தெரியும்?"

"மலமேல எடுத்த மண்ணுல தெர்மாகோல் உருண்ட எங்கிருந்து வரும்? தொட்டி மண்ணுன்னு அன்னிக்கே தெரியும்."

அந்த ஊர்த் தொட்டி மண்ணில் ஈரம் தங்குவதற்காக வெள்ளை வெள்ளையாக ஏதோ கலக்கிறார்களாம். செம்பின் மேல் வட்டத்தில் நாலைந்து உருண்டை கிடப்பது, அவர் சொன்ன பிறகு, எங்களுக்கும் திரையில் தெரிந்தது. ஒன்றரை வருடமாக எண்பது குடும்பம் பார்த்திருக்கிறது. பூ என்று நினைத்திருப்பார்கள்.

"தெரிஞ்சி ஏன் சொல்லல?"

"நீங்க ஏன் சொல்லல?"

நெட் போய்விட்டதோ என்று நான் சிக்னலைப் பார்த்தேன். முழுதாக இருந்தது. பின்னலை முடித்து ரப்பர் பேண்ட் போட்டுவிட்டு ரேவதி சொன்னார்: "மாமா எழுந்து நடக்கணும்னு ஏத்தின வெளக்கு அது. மண்ணப் பாத்தா ஏத்தினேன்?"

பாஸ்கர் சார் பேப்பரை மடித்து வைத்துவிட்டு டீ சொல்லப் போனார்.

தாள் இருந்தது. பிளாஸ்டிக் உறைக்குள், ஓரத்தில் எண்ணெய்க் கறையோடு. ரேவதி போனுக்கு முன் பிடித்தார். தேதி, நேரம், சாவடியின் பெயர். பொருள்: மண், ஒரு துணிப்பை, ஏறத்தாழ நானூறு கிராம். நோக்கம்: வழிபாடு. பெயர்: சக்திவேல். கீழே கையெழுத்து.

பாஸ்போர்ட் எண் இல்லை.

நோட்டு: கையிருப்பு 21

அசல் தாள் கூரியரில் வந்து சேர்ந்ததும், இருப்பதை அனுப்பிவிடலாம் என்றார் பாஸ்கர் சார். சக்திவேல் என்ற பெயரில் கள்ளக்குறிச்சி வாக்காளர் பட்டியலிலேயே எத்தனை பேர் இருப்பார்கள் என்று கேட்டேன். அந்தச் சக்திவேல்தான் இந்தச் சக்திவேல் என்று இன்னொரு தாள் சொல்ல வேண்டும். மண்ணைப் பிடித்ததற்குத் தாள் இருக்கிறது. மண்ணை எடுத்ததற்கு இருக்கிறதா?

இருந்தது. கோயிலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறார்கள். பிடிமண் எடுப்பவர் பெயர், தகப்பனார் பெயர், எந்த ஊருக்கு, என்றைக்கு, கையெழுத்து. நோட்டு மலைமேல் கோயில் இரும்புப் பெட்டிக்குள். பெட்டிச் சாவி ஏழுமலையின் இடுப்பில்.

சக்திவேல் எழுந்து நின்றுவிட்டார். அண்ணனுக்குத் தெரிந்தால் பங்காளிகள் முகத்தில் விழிக்க முடியாது, அப்பா காரியத்துக்கு வந்தவர்களிடம்கூட அம்மன் நல்லபடியாக இருக்கிறாள் என்று சொல்லியிருக்கிறேன் என்றார். நான் கட்டாயப்படுத்தவில்லை. இரண்டு வரி எழுதி அவர் பக்கம் தள்ளினேன். ஒன்று: அண்ணனிடம் சொல்லாமல் இருப்பது. இரண்டு: இனியாவோடு இருப்பது. எது வேண்டுமோ டிக் அடியுங்கள் என்றேன். அவர் பேனாவை எடுக்கவில்லை. நாளைக்குக் கார் எடுத்து வருகிறேன் என்றார்.

அதனால்தான் மறுநாள் நாங்கள் மூவரும் கரியாலூர் போகும் மலைப்பாதையில் இருந்தோம். சக்திவேல் ஓட்டினார். பக்கத்தில் ஏழுமலை. பின்சீட்டில் நான், கையில் ஃபைல். கோயிலில் ஒரு நோட்டைப் படம் எடுக்க வேண்டும் என்று மட்டும் அவரிடம் சொல்லியிருந்தோம்.

எப்போது சொல்லப்போகிறார் என்று நான் ஒவ்வொரு வளைவிலும் எதிர்பார்த்தேன். ஏழுமலைக்கு மலைப்பாதை ஒத்துக்கொள்ளாது. எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். வாயைத் திறந்தால் ஆபத்து என்ற நிலை. சக்திவேல் தேர்ந்தெடுத்த நேரம் அதுதான். ரோட்டைப் பார்த்தபடி, கியர் மாற்றிக்கொண்டே, சாவடியில் தொடங்கித் தெர்மாகோல் வரைக்கும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்.

இரண்டு வளைவு தாண்டியது. மூன்றாவது வளைவில் நிறுத்து என்று கையைக் காட்டினார் ஏழுமலை. இறங்கிப் போய் ஓரத்துக் கல்லில் உட்கார்ந்தார். வாந்தி எடுக்கப் போகிறார் என்று தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு ஓடினேன். அவர் வாந்தி எடுக்கவில்லை. எலுமிச்சம்பழத்தைக் கையில் உருட்டிக்கொண்டு தம்பியைப் பார்த்தார்.

"அப்ப ஒன்ற வருசமா எதத்தான்டா கும்பிட்டோம்?"

"தொட்டி மண்ணண்ணா."

"எரு கலந்ததா?"

"கலந்ததுதான்."

ஏழுமலை கண்ணை மூடிக்கொண்டார். பிறகு விசாரணை தொடங்கியது. நான் எத்தனையோ அதிகாரிகளின் கேள்விகளைப் பார்த்திருக்கிறேன். இவ்வளவு சரியான வரிசையில் யாரும் கேட்டதில்லை. மண்ணை வாங்கினார்களா, பிடுங்கினார்களா? வாங்கினார்கள். எந்தக் கையால்? இரண்டு கையால். வாங்கியது அந்தப் பக்கமா, இந்தப் பக்கமா? கனடா பக்கம். கோட்டைத் தாண்டியா? தாண்டித்தான். வாங்கி எங்கே வைத்தார்கள்? கண்ணாடிப் பையில் போட்டுச் சீட்டுக் கட்டி, கட்டடத்துக்குள் கொண்டுபோனார்கள். தரையில் கொட்டினார்களா? கொட்டவில்லை. செருப்புக் காலால் மிதித்தார்களா? இல்லை.

நான் கையிலிருந்த ஃபைலின் பின்பக்கத்தில் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன், பழக்க தோஷம்.

ஏழுமலை எழுந்து வேட்டியைத் தட்டினார்.

"வண்டி அச்சு முறிஞ்ச எடத்துல சாமி குந்திக்கும். நம்ம அம்மனே மொதல்ல கீழ்நாட்டுக்குப் போக வேண்டியவதான். மாடு படுத்துக்கிச்சி, மலமேலயே குந்திக்கினா. அவளுக்கு எங்க புடிக்குதோ அங்க எறங்குவா. அந்தச் சாவடியில எறங்கிக்கினா, அவ்ளோதான். நீ இன்னா அதுக்குக் கேக்கறது, நான் இன்னா கேக்கறது?"

சக்திவேலுக்குச் சட்டென்று அழுகை வந்துவிட்டது. ஏழுமலை அதைப் பார்க்காத மாதிரி என்னிடம் திரும்பி, அந்தச் சாவடிக்குப் பேர் என்ன என்று கேட்டார். தாளைப் பார்த்துச் சொன்னேன். மூன்று முறை சொல்லச் சொன்னார். மீதி வளைவு முழுக்க அதை முணுமுணுத்துக்கொண்டு வந்தார். வாந்தி வரவில்லை.

கோயிலில் இரும்புப் பெட்டியைத் திறந்தார். நோட்டில் சக்திவேலின் பதிவு இருந்தது. தேதி, தகப்பனார் பெயர், 'கனடா', 'மஞ்சப்பை ஒன்று', கையெழுத்து. எல்லை ரசீதின் தேதிக்கு எட்டு நாள் முன்னால். இரண்டு கையெழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கடைசிச் சுழி வரைக்கும் ஒன்று. நான் படம் எடுத்து முடித்ததும் ஏழுமலை நோட்டை வாங்கி, பதிவுக்கு எதிரில், அம்மன் இறங்கிய இடம் என்று எழுதி, சாவடியின் பெயரை என்னை எழுத்துக் கூட்டச் சொல்லி எழுதினார். படம் எடுத்த பிறகு எழுதினாரே என்று நான் நிம்மதி அடைந்தேன். ஆவணத்தைத் திருத்தியதாகிவிடும்.

முகப்புக் கடிதம்: கையிருப்பு 14

பிடிமண்ணை ஆங்கிலத்தில் சொல்வதற்கு இரண்டு நாள் பிடித்தது. முதலில் மண் மாதிரி என்கிற பொருளில் எழுதினேன். படித்தால் வேளாண்மை ஆபீசுக்குப் போகிற தாள்போல் இருந்தது. புனித மண் என்று மாற்றினேன். கடத்தல் வழக்குபோல் ஆயிற்று. கடைசியில் பெயர் எதுவும் வைக்காமல் வழக்கத்தை மூன்று வாக்கியத்தில் விளக்கினேன்: ஏன் எடுத்தார், எங்கே கொடுத்தார், அதற்கு என்ன தாள். அதுதான் நின்றது.

உறுதிமொழிப் பத்திரத்துக்குக் கோர்ட் பக்கம் நோட்டரியிடம் போனோம். அவர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி, "சாமியவே புடிச்சி வெச்சிக்கினாங்களா?" என்று கேட்டார். ரசீது கொடுத்திருக்கிறார்கள் என்றேன். அப்போ சரி என்று முத்திரை குத்தினார்.

ஃபைல் போனபோது கையிருப்பில் பதினான்கு நாள் இருந்தது.

புதிதாக வந்தவர்களுக்கு

பொருளைப் பறிகொடுத்த தாளை வாடிக்கையாளர்கள் கேவலம் என்று ஒளித்து வைப்பார்கள். நமக்கு அது வருகைப் பதிவு. அபராதச் சீட்டு, தொலைந்த பெட்டிக்கான புகார், ஆஸ்பத்திரி ஓ.பி. சீட்டு எல்லாம் அதே ரகம்தான். ஒரு மனிதர் ஒரு நாளில் ஓர் இடத்தில் நின்றதைச் சொல்கிற எதையும் கேளுங்கள்.

கூட வந்தவரை டீ குடிக்க அனுப்பிவிட்டுக் கேளுங்கள். நான் முதல் நாளே அதைச் செய்திருந்தால் ஒரு வாரம் மிச்சமாகியிருக்கும். எண்ணில் ஓட்டை தெரிந்தால், அந்த ஓட்டைக்குள் ஒரு மனிதர் ஒளிந்திருக்கிறார் என்று அர்த்தம். அவரை இழுக்க வேண்டாம், நாற்காலி போடுங்கள்.

இப்போதைய நிலை

எல்லைத் துறையிடம் கேட்டிருந்த வருகைப் பதிவு நாற்பத்தோராவது நாள் வந்தது. அந்த நுழைவு அதில் சரியான தேதியில் இருந்தது. அப்படியானால் இத்தனை அலைச்சலும் தேவையில்லையே என்றார் பாஸ்கர் சார். அதை நம்பிக் காத்திருந்தால் எட்டு நாள் பற்றாக்குறை ஆகியிருக்கும் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன்.

சக்திவேலுக்குப் பயண ஆவணம் கிடைத்தது. போன மாதம் டொரண்டோ போய்ச் சேர்ந்தார். புதுக் கார்டுக்கு விண்ணப்பித்திருக்கிறார், இன்னும் வரவில்லை. அது வரும்வரை எந்த எல்லையையும் தாண்ட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

ஏழுமலை இரண்டு வாரத்துக்கு முன் தனியாக ஆபீசுக்கு வந்தார். அம்மன் இறங்கிய இடத்தில் தர்மகர்த்தா போய் ஒரு கற்பூரமாவது ஏற்றாமல் இருப்பது முறையில்லை என்று பங்காளிகள் கூட்டத்தில் முடிவாகியிருக்கிறது. பாஸ்போர்ட்டுக்குப் போட்டோம். போலீஸ் விசாரணை முடிந்து நேற்று பாஸ்போர்ட் வந்துவிட்டது. விசா படிவத்தில் முப்பத்திரண்டு கட்டங்களை நிரப்பிவிட்டேன். பயணத்தின் நோக்கம் என்ற கட்டம் மட்டும் பாக்கி இருக்கிறது.